மூன்று பொருத்தம் போதும்: கூம்பு ஸ்பீக்கரிலிருந்து ஸ்ட்ரீமர் வரை, கம்பம் பள்ளத்தாக்கில்

"அப்பா காலத்து ஸ்டீரியோ செட் ஒண்ணு வீட்ல சும்மா கிடக்கு. ஃபோன்ல இருக்கற பாட்டை அதுல கேட்கணும். என்ன ஸ்ட்ரீமர் வாங்கலாம், என்ன டிஏசி வாங்கலாம்?"

தேனி, போடி, உத்தமபாளையம், கம்பம் பக்கத்துச் சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் படித்தது பி.இ., பிழைப்பு மென்பொருள். ஆடியோ எனக்குத் தொழில் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் ஒரு விஷயம் புரிந்தது. இதே கேள்வியை இந்தப் பள்ளத்தாக்கு குறைந்தது நான்கு முறை ஏற்கெனவே கேட்டுப் பதிலும் கண்டுபிடித்திருக்கிறது. கிராமபோன் வந்தபோது, டேப் வந்தபோது, சிடி வந்தபோது, கம்ப்யூட்டர் வந்தபோது. ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு பாட்டுப் பெட்டி வரும், பழைய ஆம்ப்ளிஃபயர் அங்கேயே இருக்கும், ரெண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று யாரோ ஒருவர் மண்டையை உடைத்துக்கொள்வார்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். இணையத்திலிருந்தோ ஹார்டு டிஸ்கிலிருந்தோ பாட்டுக் கோப்பை எடுத்து ஒழுங்காக அனுப்பும் சின்னக் கணினிதான் ஸ்ட்ரீமர். வருகிற எண்களை மின்னழுத்தமாக மாற்றுவது டிஏசி, அதாவது டிஜிட்டல் டூ அனலாக் கன்வெர்ட்டர். பல ஸ்ட்ரீமர்களுக்குள்ளேயே ஒரு டிஏசி உண்டு. அதற்குப் பிறகு ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர். கடைசி இரண்டும் நம்ம தாத்தா காலத்திலேயே வந்துவிட்டவை.

கூம்புக்கு ஜாதகம் பார்த்தவர்கள்

முல்லைப் பெரியாறு அணை 1895-ல் முடிந்தது. அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாக மலையிலிருந்து இறக்கி லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தது 1950களின் கடைசியில். பள்ளத்தாக்கின் தலைமாட்டிலேயே மின் நிலையம் இருந்தாலும், எல்லா வீட்டுக்கும் ரேடியோ உடனே வந்துவிடவில்லை. பெரும்பாலான ஜனங்கள் பாட்டுக் கேட்டது திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும்தான். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா என்றால் கூம்பு ஸ்பீக்கர் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. "மைக் செட்டு", "ரேடியோ செட்டு" என்று நாம் சொல்வது அந்தக் கூட்டணியைத்தான். ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர், மரத்திலோ மூங்கில் கம்பத்திலோ கட்டிய கூம்புகள்.

கம்பம் பக்கம் மைக் செட் தொழிலில் இருந்த பெரியவர் ஒருவரிடம் சில வருடங்களுக்கு முன் பேசிக்கொண்டிருந்தேன். "தம்பி, ஆம்ப்ளிஃபயருக்கும் கூம்புக்கும் ஜாதகம் பார்த்துத்தான் கட்டணும். பார்க்காம கட்டுனா ஒண்ணு சத்தம் வராது, இல்ல ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடும்" என்றார். அவர் சொன்ன ஜாதகத்தைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம்.

100 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்று 8 ஓம் ஸ்பீக்கரை ஓட்டினால், வயரில் சுமார் 28 வோல்ட், 3.5 ஆம்பியர் ஓடும். ஊர் முனை வரை இழுத்த வயருக்கே 10 ஓம் மின்தடை இருந்தால், ஸ்பீக்கரைவிட வயர்தான் அதிக சக்தியைச் சாப்பிடும். அதனால் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டை 100 வோல்ட்டாக உயர்த்தினார்கள். அதே 100 வாட்டுக்கு இப்போது 1 ஆம்பியர் போதும். வயரில் வீணாவது 10 வாட் சுமார்தான். ஒவ்வொரு கூம்பிலும் ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் அந்த 100 வோல்ட்டை மறுபடி குறைத்துக்கொள்ளும். 25 வாட் கூம்பு நான்கு கட்டலாம். ஆசைப்பட்டு ஐந்தாவது கட்டினால் ஆம்ப்ளிஃபயர் பார்க்கும் மின்தடை 100 ஓமிலிருந்து 80 ஓமாக இறங்கிவிடும், அங்கேதான் பெரியவர் சொன்ன ட்ரான்ஸ்ஃபார்மர் சூடாகும். மின் வாரியம் மலையிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவரவும் இதே தந்திரம்தான்: அழுத்தத்தை ஏற்று, ஓட்டத்தைக் குறை.

முன்பக்கமும் ஒரு பொருத்தம் இருந்தது. அக்காலத்து மலிவு பிளேயர்களில் ஊசிக்குப் பின்னால் இருந்தது கிரிஸ்டல் அல்லது செராமிக் பிக்கப். அது ஒரு குட்டி மின்தேக்கி மாதிரி நடந்துகொள்ளும். அதை 10 லட்சம் ஓம் உள்ள உள்ளீட்டில் சொருகினால் நல்ல சத்தம். 47 ஆயிரம் ஓம் உள்ள உள்ளீட்டில் சொருகினால் தபேலா, மிருதங்கத்தின் அடிநாதம் எல்லாம் காணாமல் போய் வெறும் கிச்சுக் குரல் மிஞ்சும். பிக்கப்பும் நல்லது, ஆம்ப்ளிஃபயரும் நல்லது, சேர்க்கை மட்டும் தப்பு. இன்றைக்கு "இந்த டிஏசி சரியில்லை" என்று சொல்லும் பல இடங்களில் நடப்பதும் இதுதான்.

ரேடியோவின் முதுகில் இருந்த ஓட்டைகள்

வீட்டுக்குள் வந்த வால்வு ரேடியோ பெரும்பாலும் இலங்கை வானொலிக்காகவே ஓடியது. பின்னால் திருப்பிப் பார்த்தால் இரண்டு ஓட்டைகள் இருக்கும், பக்கத்தில் ஒரு இசைத்தட்டுப் படம். ரெக்கார்டு பிளேயரை ரேடியோவில் இணைத்து, ரேடியோவின் ஆம்ப்ளிஃபயரையே கடன் வாங்கிக்கொள்ளும் வழி அது. என் மென்பொருள் மூளைக்கு அந்த ஓட்டைகள்மேல் தனிப் பிரியம். ரேடியோ செய்தவருக்கு ஸ்ட்ரீமர் என்று ஒன்று வரும் என்று தெரியாது. ஆனால் "வெளியிலிருந்து ஏதாவது வரும்" என்று ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் இன்டர்ஃபேஸ் என்று சொல்வது அதைத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை, இதை மட்டும் சாதாரணமா எடுத்துக்காதீங்க. பழைய வால்வு ரேடியோக்களில் ஒரு வகை, ஏசி, டிசி இரண்டிலும் ஓடும்படி ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செய்யப்பட்டது. அதன் உள் இரும்புத் தட்டு நேரடியாக மின்சார லைனோடு இணைந்திருக்கும். அதில் ஸ்ட்ரீமரையோ ஃபோனையோ சொருகினால், உங்கள் கையிலிருக்கும் உலோகத்தில் 230 வோல்ட் வரலாம். ரேடியோவுக்குள் மின் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் எதையும் சொருகவே கூடாது.

அடுத்து வந்தது ஐந்து முள் உருண்டை சாக்கெட், ஜெர்மன் தரமான டின். பிலிப்ஸ் போன்ற ஐரோப்பிய வழிச் செட்டுகளில் இதுதான் இருக்கும். இன்றும் பலரைக் குழப்புவது இதுவே. டேப் சாக்கெட்டில் ஒரே ஓட்டைக்குள் போக்கும் வரவும் சேர்ந்திருக்கும். 3, 5 ஆம் முட்கள் ஆம்ப்ளிஃபயருக்குள் போகும் இடது, வலது. 1, 4 ஆம் முட்கள் பதிவுக்காக வெளியே வருபவை. 2 தரை. வெளியே வரும் சிக்னல் எவ்வளவு தெரியுமா? எதிரே இருக்கும் மின்தடையில் ஒவ்வொரு ஆயிரம் ஓமுக்கும் சுமார் 1 மில்லிவோல்ட்! 1, 4-ல் டிஏசியை மாட்டிவிட்டு "செட்டு செத்துப்போச்சு" என்று முடிவு கட்டினால், பாவம், செட்டு என்ன செய்யும்? 3, 5-க்கு மாற்றினால் பாடிவிடும்.

பண்ணைப்புரத்துப் பாட்டு இரண்டு காதுக்கு வந்தபோது

உத்தமபாளையம் வட்டம் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குப் போன இளையராஜாவின் முதல் படம் 'அன்னக்கிளி' 1976-ல் வந்தது. அடுத்த வருடம் அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜாவின் '16 வயதினிலே'. இந்தப் பாட்டுகள் எல்லாம் ஊர்க் கூம்புகளில் ஒலித்தவை, அதாவது ஒற்றை ஒலியில், நடு அலைவரிசை மட்டும் கத்தும் கருவியில் ஒலித்தவை. கூம்புக்கு அடியொலியும் கிடையாது, உச்சியொலியும் கிடையாது.

1978-ல் சுஜாதாவின் கதையை வைத்து எடுத்த 'ப்ரியா' வந்தது. தமிழில் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவான முதல் படம் என்று சொல்லப்படுவது அதுதான். கதையை எழுதியவரும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர் என்பது எனக்குப் பிடித்த தற்செயல். பாட்டு இரண்டு தடமாகப் பிரிந்ததும் வீட்டுக் கருவியும் மாற வேண்டிவந்தது. ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவில் ஸ்டீரியோ பாட்டைக் கேட்டால் இரண்டு தடமும் ஒன்றாகக் கலந்து வரும், பிரித்து வைத்த வயலின் கூட்டம் நடுவில் வந்து குவியும். கேட்கலாம், ஆனால் பதிவு செய்தவர் வைத்த இடத்தில் எதுவும் இருக்காது.

நம்ம ஊரில் ஸ்டீரியோ பரவியது இசைத்தட்டால் அல்ல, கேசட்டால். சிங்கப்பூர், வளைகுடா போய்வந்தவர்கள் கொண்டுவந்த டூ-இன்-ஒன், அப்புறம் டெக், ஆம்ப்ளிஃபயர், இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர். 1980களிலும் 90களிலும் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருந்த ரெக்கார்டிங் சென்டர்கள் என் தலைமுறைக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். ஒரு பேப்பரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார்கள். 60-ஆ, 90-ஆ என்று கேட்பார்கள். இன்று நாம் பிளேலிஸ்ட் என்பதை அப்போது கையெழுத்தில் எழுதினோம். அந்தக் கடைக்காரர்கள் பதிவு முள்ளைச் சிவப்புக்குள் போகவிடாமல் பிடித்து வைப்பதில் கெட்டிக்காரர்கள். கொஞ்சம் கூடினால் கரகரப்பு, கொஞ்சம் குறைந்தால் நாடாவின் 'உஸ்' சத்தம். அளவு பார்த்துச் சிக்னல் அனுப்பணும் என்கிற பாடத்தை அங்கேதான் பலர் கற்றார்கள்.

டேப் டெக் வெளியே தந்தது சாதாரணமாக அரை வோல்ட்டுக்குள். அதற்கு ஏற்றபடி அக்கால ஆம்ப்ளிஃபயர்கள் 150, 200 மில்லிவோல்ட் வந்தாலே முழுச் சத்தம் தரும்படி செய்யப்பட்டிருந்தன. இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க.

44,100-உம் 2 வோல்ட்டும்

1982 அக்டோபர் 1 அன்று சோனியின் சிடிபி-101 ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. உலகின் முதல் வணிக சிடி பிளேயர். சிடியை சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கினார்கள். 1963-ல் கேசட்டைத் தந்த பிலிப்ஸ் பொறியாளர் லூ ஆட்டன்ஸுக்கு சிடியிலும் பங்கு உண்டு. தன் கேசட்டை ஒழித்துக்கட்டத் தானே உதவியவர் என்று சொல்லலாம்.

சிடியில் ஒரு வினாடிக்கு 44,100 தடவை ஒலி அளக்கப்படுகிறது. ஏன் இந்த விநோத எண்? மனிதக் காது கேட்கும் எல்லை 20,000 ஹெர்ட்ஸ் சுமார். அதைப் பிடிக்க அதைப்போல் இருமடங்குக்கு மேல் அளவுகள் வேண்டும் என்பது நைக்விஸ்ட், ஷானன் கணக்கு. 40,000-க்கு மேல் எதுவானாலும் சரிதான். ஆனால் அக்காலத்தில் இவ்வளவு தகவலைச் சேமிக்க வீடியோ டேப்பை விட்டால் வழியில்லை. அமெரிக்க, ஜப்பான் வீடியோவில் ஒரு வரிக்கு 3 அளவு, 245 வரி, வினாடிக்கு 60 புலம்: பெருக்கினால் 44,100. ஐரோப்பிய வீடியோவில் 3, 294, 50: அதுவும் 44,100. இரண்டு கண்டத்து டிவிக்கும் பொதுவாக வந்த எண், நாற்பது வருடமாக நம் பாட்டுகளின் நாடித்துடிப்பு. பொருத்தம் பார்க்கும் வேலை டிஜிட்டலின் பிறப்பிலேயே இருக்கிறது, பாருங்க.

ஒவ்வொரு அளவுக்கும் 16 பிட். ஒரு பிட்டுக்கு 6 டெசிபெல் என்று வைத்தால் மொத்தம் 96. கேசட் 50, 60-ஐத் தாண்டினால் பெரிய விஷயம். ஃபேன் சுற்றும் வீட்டு ஹாலில் இந்த 96-ஐயே நம்மால் முழுக்கப் பயன்படுத்த முடியாது. சிடிக்குள் இருந்த டிஏசியும் அன்றே நல்ல தரம்தான். பிலிப்ஸின் முதல் பிளேயர்கள் 14 பிட் சிப்பை வைத்து, நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டி, 16 பிட்டுக்கு நிகரான பலனை எடுத்தன. 1980களின் தொடக்கத்திலேயே மாற்றிக் கொடுக்கும் வேலை ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது.

தீராதது வேறொன்று. சிடி பிளேயர்கள் முழு அளவில் 2 வோல்ட் தருவது வழக்கமாகிவிட்டது. 200 மில்லிவோல்ட்டுக்குப் பழகிய ஆம்ப்ளிஃபயருக்கு இது 10 மடங்கு, 20 டெசிபெல். என்ன ஆகும்? வால்யூம் குமிழைச் சற்றுத் தொட்டாலே வீடு அதிரும். முழுச் சுற்றும் முதல் கால் பங்குக்குள் முடிந்துவிடும். அந்தத் தொடக்கப் பகுதியில்தான் பழைய குமிழ்களின் இடது வலது சமநிலை மோசமாக இருக்கும். பாட்டு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சில செட்டுகளில் உள்ளீட்டு டிரான்சிஸ்டரே தாங்காமல் கரகரக்கும். "டிஜிட்டல்னா காது குத்துது, கேசட்தான் இனிமை" என்று அப்போது பலர் சொன்னதில் ஒரு பங்கு இந்த 20 டெசிபெல்லுக்குச் சேர வேண்டியது என்பது என் கட்சி. இன்றைய டிஏசிகளும் அதே 2 வோல்ட்டைத்தான் தருகின்றன.

பெட்டி பிரிந்த கதை

1980களின் இரண்டாம் பாதியில் சிடி பிளேயர் இரண்டாகப் பிரிய ஆரம்பித்தது. தட்டைச் சுற்றிப் படிப்பது ஒரு பெட்டி, எண்ணை ஒலியாக்குவது இன்னொரு பெட்டி. நடுவே சோனி, பிலிப்ஸ் வகுத்த எஸ்பிடிஃப் இணைப்பு, கம்பியிலோ தோஷிபா 1983-ல் கொண்டுவந்த ஒளி இழையிலோ. தனி டிஏசி என்கிற பொருள் அங்கே பிறந்தது.

பிறகு பாட்டு கணினிக்குப் போனது. சிடியின் ஓட்டம் வினாடிக்கு 14 லட்சம் பிட், ஐந்து நிமிடப் பாட்டுக்கு 53 எம்பி. எம்பி3 அதை 5 எம்பி ஆக்கியது. 2001-ல் வந்த ஸ்லிம்ப்3, அதன் வாரிசான ஸ்க்வீஸ்பாக்ஸ், 2004-ன் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் எல்லாம் கணினியிலிருக்கும் பாட்டை ஹாலிலிருக்கும் செட்டுக்குக் கொண்டுபோகச் செய்யப்பட்டவை. 2012-ல் ராஸ்பெரி பை வந்ததும் என் போன்றவர்களுக்குக் கொண்டாட்டம். அதன் முட்களில் ஒரு குட்டி டிஏசிப் பலகையைச் சொருகி, இலவச மென்பொருளைப் போட்டால் ஸ்ட்ரீமர் தயார். 2015-ல் குரோம்காஸ்ட் ஆடியோ அதையே யாரும் செய்யும்படி ஆக்கியது, 2019-ல் நிறுத்தப்பட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்ததும், மலையடிவாரத் தோட்டத்து வீட்டிலும் ஸ்ட்ரீமிங் சாத்தியமானது.

இனி மூன்று பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம். இதற்கு மூன்று போதும்.

முதலாவது, அளவு. செட்டின் பின்னால் அல்லது கையேட்டில் உள்ளீட்டு அளவு போட்டிருக்கும். ஆக்ஸ், டேப், டியூனர் என்று எழுதிய இடத்தில் மட்டும் டிஏசியை இணைக்கணும். 'மேக்னடிக் ஃபோனோ' என்று இருந்தால் தொடக்கூடாது. அது 5 மில்லிவோல்ட்டுக்கான வாசல், 2 வோல்ட் 400 மடங்கு. போதாததற்கு அங்கே இசைத்தட்டுக்கான சமன்பாடு அடியொலியை 20 டெசிபெல் ஏற்றி, உச்சியை 20 டெசிபெல் இறக்கும்.

சரியான வாசலிலும் சத்தம் அதிகமாக இருந்தால், ஒரு சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர் போதும். சிக்னல் பாதையில் 10 ஆயிரம் ஓம், அதன் பின் சிக்னலுக்கும் தரைக்கும் நடுவே ஆயிரம் ஓம். 2 வோல்ட் 0.18 வோல்ட்டாக வந்து நிற்கும். வால்யூம் குமிழ் பழைய இடத்துக்குத் திரும்பும், சாய்ந்த பாட்டு நிமிரும். தேனியில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள் இது. ஸ்ட்ரீமரின் ஆப்பில் வால்யூமைக் குறைத்தும் இதைச் செய்யலாம், ஆனால் 16 பிட் டிஏசியில் ஒவ்வொரு 6 டெசிபெல் குறைப்புக்கும் ஒரு பிட் போகும். 24 பிட் டிஏசி என்றால் கவலை இல்லை. அந்த எட்டு அதிகப்படி பிட்டுகளுக்கு வீட்டில் உருப்படியான உபயோகம் இதுதான்.

இரண்டாவது, மின்மறுப்பு. வாங்குபவரின் ஓம், கொடுப்பவரின் ஓமைப்போல் பத்து மடங்காவது இருக்கணும். டிஏசி சில நூறு ஓம், ஆம்ப்ளிஃபயர் பல ஆயிரம் ஓம், தானாகவே பொருந்தும். செராமிக் பிக்கப்புக்கான பழைய உள்ளீட்டிலும் டிஏசி தாராளமாக ஓடும். கிராமபோன் காலத்துப் பெரிய தலைவலி, டிஜிட்டல் காலத்தில் காணாமல் போனது.

மூன்றாவது, தரை. 'ம்ம்ம்' என்ற உறுமல் வந்தால் டிஏசியை மாற்றாதீங்க. முதலில் ஸ்ட்ரீமரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே பிளக் பலகையில் மாட்டுங்க. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்க. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைச்சல் என்றால், அது சதுர அலை இன்வெர்ட்டரின் வேலை. ஸ்ட்ரீமருக்கும் டிஏசிக்கும் நடுவே ஒளி இழை போட்டால் இரண்டுக்கும் மின் தொடர்பே இருக்காது, கணினியிலிருந்து வரும் உறுமல் அங்கேயே அறுந்துவிடும். வோல்ட் ஏறி இறங்கும் ஊர்களில், விலையுயர்ந்த டிஏசிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை வீட்டு எர்த் கம்பியைச் சரிசெய்யச் செலவிடலாம்.

நான்காவதாக ஒன்று சேர்க்கச் சொல்வார்கள்: 44,100-ஐ ஃபோன் 48,000-ஆக மாற்றிவிடுகிறது, அதனால் ஒலி கெடுகிறது என்று. மாற்றுவது உண்மை. விகிதம் 147-க்கு 160. ஒழுங்காக எழுதிய நிரல் அதைக் காதுக்குத் தெரியாமல் செய்துவிடும். எழுதுகிற சாதிக்காரன் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

டிஏசி எதைத் திருத்த முடியாது

இந்த மூன்றும் பொருந்திய பிறகும் ஒரு பாட்டு நன்றாக இல்லை என்றால், குற்றவாளி பெரும்பாலும் பாட்டுக் கோப்பேதான். 70களின் ஒரே பாடலை ஸ்ட்ரீமிங் செயலிகளில் தேடுங்க. மூன்று நான்கு தொகுப்பில் இருக்கும். ஒன்றில் சுருதி கால் பங்கு ஏறியிருக்கும், டேப் ஓடிய வேகம் பிசகியதன் அடையாளம். இன்னொன்றில் இசைத்தட்டின் பொரிச்சல் கேட்கும். வேறொன்றில் ஒற்றை ஒலிப் பதிவைச் செயற்கையாக இரண்டாகப் பிரித்து எதிரொலி சேர்த்திருப்பார்கள். 24 பிட் என்று முத்திரை குத்தினாலும் கேசட்டிலிருந்து எடுத்தது கேசட்டுதான். ஐந்நூறு ரூபாய் டிஏசியும் ஐம்பதாயிரம் ரூபாய் டிஏசியும் அந்தத் தவறைச் சமமான விசுவாசத்தோடு உங்கள் காதுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

வீட்டுச் செட்டைக் காப்பாற்றுவது வெறும் பழம்பொருள் ஆசை இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான். "டிஜிட்டலுக்குப் பொருந்தாது" என்ற ஒரு வார்த்தையில், பழைய ஆம்ப்ளிஃபயரும், அதோடு சேர்ந்து பெட்டியிலிருந்த இசைத்தட்டுகளும் கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. எந்தத் தொகுப்பு மூலத்துக்கு நெருக்கமானது என்று ஒப்பிட்டுச் சொல்லக்கூடிய சாட்சி அந்தத் தட்டுதான். சாட்சியை எடைக்குப் போட்டுவிட்டால், செயலியில் இருப்பதே உண்மை என்று ஆகிவிடும். எந்த மண்ணிலிருந்து அந்தப் பாட்டுகளை எழுதியவர் கிளம்பினாரோ, அந்த மண்ணிலேயே அவற்றின் சரியான சுருதி மறந்துபோவது நல்லா இருக்காது.

ஆகவே, கேட்டவர்களுக்கு நான் கொடுக்கும் பட்டியல் சின்னது. முதலில் செட்டை ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து, காய்ந்துபோன மின்தேக்கிகளை மாற்றிக் குமிழ்களைத் துடையுங்க. ஃபோனில் சொருகும் ஆயிரம் ரூபாய் சுமாரான டாங்கிள் டிஏசியில் ஆரம்பிங்க, பெரும்பாலும் அதுவே போதும். சோபாவிலிருந்து பாட்டு மாற்றணும் என்றால் மட்டும் ஸ்ட்ரீமர். மிச்சக் காசில் ஸ்பீக்கரின் கிழிந்த ரப்பர் வளையத்தை மாற்றுங்க. அந்த இசைத்தட்டுகளை மட்டும் செங்குத்தாக, வெயில் படாத இடத்தில் நிறுத்தி வையுங்க.